குறையாத ஒயில்

1992ஆம் ஆண்டு மார்கழியில் எங்கட மொறிஸ் மைனரின் எஞ்சின் ஒயில் கூடத் தொடங்கியது. குறையவில்லை, கூடியது.

அப்பா ஒவ்வொரு ஞாயிறும் பொனட்டைத் திறந்து, டிப் ஸ்ரிக்கை உருவி, பழைய வேட்டித் துண்டில் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பார்ப்பார். கோவிலுக்குப் போகாத ஞாயிறு உண்டு, டிப் ஸ்ரிக் பார்க்காத ஞாயிறு கிடையாது. காருக்கு அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அந்த வயது எஞ்சின் ஒயில் குடிப்பது வழமை. மாதம் ஒரு அரைப் போத்தலாவது விட வேண்டிவரும். ஆனால் அந்த மார்கழியில் ஒயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. புது ஒயில் வாங்கக் கிடைக்காத காலத்தில் இது எப்படிப்பட்ட சந்தோசம் என்று இன்றைக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம்.

"இஞ்சேருமப்பா, ஒயில் குறையேல்லை. கூடியெல்லோ கிடக்கு" என்று குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"பால் எண்டால் தண்ணி கலந்திருக்கு எண்டு சொல்லலாம்" என்றா அம்மா.

அப்பா கணித ஆசிரியர். அம்மா பகிடி விடுகிறா என்று நினைத்துப் பொனட்டை மூடினார். அம்மா சொன்னதுதான் சரி என்று விளங்க எங்களுக்கு நாலு மாதம் எடுத்தது.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1990 ஆனியில் மறுபடி யுத்தம் தொடங்கியதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றறி இல்லை, சீமெந்து இல்லை. மின்சாரமும் போய்விட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து வந்தது. அதனால் யாழ்ப்பாணத்து வாகனங்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சும்மா ஊற்றினால் ஓடாது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆவியாகாததில் பொறி பற்றாது. எனவே ஒரு சின்னப் போத்தலில் பொக்கிசம் மாதிரிக் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளி விட்டு, ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. சிலர் சேலைன் போத்தலைத் தலைகீழாகக் கட்டி அதன் குழாயைக் காபரேற்றருக்கு விட்டார்கள். அந்தப் புகையின் மணம் எனக்குத் தொண்ணூறுகளின் மணம்.

இந்த முறையை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று வெகுகாலம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, இங்கிலாந்து விவசாயிகள் எங்களுக்கு ஐம்பது வருடம் முன்னமே இதைச் செய்திருக்கிறார்கள். பெற்றோல் விலை கூட என்பதால், அங்கே உழவு இயந்திரங்களுக்கென்று மண்ணெண்ணெய் வகை எரிபொருள் ஒன்று விற்கப்பட்டது. ரிவிஓ என்று பெயர். ஃபெர்குசன் ரிஈ20 உழவு இயந்திரத்தில் இதற்கென்றே ஒரு மாதிரி இருந்தது. பெற்றோலுக்கு ஒரு சின்ன அறை, ரிவிஓவுக்குப் பெரிய அறை. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மாற்ற வேண்டும். எங்கட சேலைன் போத்தலின் அதே சூத்திரம். ஒரு வித்தியாசம், அவர்களுக்குக் கைநூல் இருந்தது. இந்த எரிபொருள் முழுதாக எரியாமல் கீழே ஒயிலோடு கலக்கும், ஆகவே ஒயிலை அடிக்கடி மாற்று என்பது அங்கே எல்லா விவசாயிக்கும் தெரிந்த பாடம்.

எங்களுக்கு அந்தப் பாடம் தெரியாது. தெரிந்திருந்தாலும் மாற்ற ஒயில் எங்கே?

*

சத்தம் பங்குனியில் தொடங்கியது. எஞ்சினின் முன்பக்கம், விசிறிக்குப் பின்னால், தகரப் பேணிக்குள் சில்லறையைப் போட்டுக் குலுக்குவது மாதிரி. அக்சிலேற்றரை மிதித்தால் மங்கும், விட்டால் திரும்ப வரும். எங்கட கார் வாடகைக் கார் இல்லை. ஆனால் ஒழுங்கையில் ஓடக்கூடிய நிலையில் இருந்த ஒரே கார். இரவில் யாருக்காவது நோ வந்தால், பாம்பு கடித்தால், பிள்ளை பிறக்கிற நேரம் வந்தால், படலையில் வந்து தட்டுவார்கள். அப்பா சாரத்தோடேயே எழும்பி, அந்தப் பெற்றோல் போத்தலை எடுத்துக்கொண்டு போவார். சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு அவர் முகத்தில் ஒரு யோசனை. இது நடுவழியில் நின்றால் என்ன செய்வது?

கராஜ் அண்ணை வந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு டிப் ஸ்ரிக்கை உருவினார். துடைக்கவில்லை. விரல் இரண்டுக்கிடையில் ஒயிலை உரஞ்சினார், மணந்தார். மேசையில் அப்பா திருத்த வைத்திருந்த பரீட்சைத் தாள் ஒன்றை எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டார். நடுவில் கறுப்புப் பொட்டு, சுற்றி மஞ்சள் வளையம் ஒன்று அகலமாக ஊறிப் பரவியது.

"மாஸ்ரர், இது ஒயில் இல்லை. அரைவாசி மண்ணெண்ணெய்."

"அப்ப கூடினது?"

"மண்ணெண்ணெய்தான். ரிங்குக்கால வழிஞ்சு கீழ போய்ச் சேர்ந்திருக்கு. உங்கட செயின் போட்டுது. அதுதான் சத்தம்."

போட்டுது என்றால் போய்விட்டது. செயின் என்றால் ரைமிங் செயின். எனக்கு அன்றைக்குத்தான் எஞ்சினுக்குள் ஒரு சங்கிலி இருப்பதே தெரியும். சைக்கிள் செயின் மாதிரியா என்று கேட்டேன். "அதின்ர தம்பி" என்றார் கராஜ் அண்ணை.

அண்ணன் தம்பி முறை உண்மையிலேயே சரி. இரண்டுக்கும் தகப்பன் ஒருவர்தான். ஹான்ஸ் ரெனோல்ட், 1852இல் சுவிற்சர்லாந்தின் ஆராவ் நகரில் பிறந்தவர். இருபத்தொரு வயதில், 1873இல், மான்செஸ்ரருக்கு வந்தார். 1879இல் பக்கத்து சல்ஃபோர்டில் ஜேம்ஸ் ஸ்லேற்றர் என்பவரின் சின்னச் சங்கிலிப் பட்டறையை வாங்கினார். அது பருத்தி ஆலை இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்த பட்டறை. அந்தக் காலச் சங்கிலியில் ஒரு சிக்கல் இருந்தது. மெல்லிய தகட்டின் துளைக்குள் ஒரு ஊசி. தகட்டின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு இடத்தில்தான் முழுப் பாரமும் விழும். கத்தி மாதிரி ஊசியை அறுக்கும். 1880இல் ரெனோல்ட் காப்புரிமை எடுத்த சங்கிலியில், தகடுகளுக்கு நடுவே ஒரு சின்னக் குழாய் வைத்தார். அதற்குப் பெயர் புஷ். ஊசி இப்போது புஷ்ஷின் முழு அகலத்திலும் உரசுகிறது, பாரம் பரவுகிறது. புஷ்ஷுக்கு மேல் உருளக்கூடிய ஒரு வளையம், அது பல்லில் மோதும்போது உரசாமல் உருளும். இவ்வளவுதான் கண்டுபிடிப்பு. பருத்தி ஆலையிலிருந்து சைக்கிளுக்குப் போனது, சைக்கிளிலிருந்து காருக்குப் போனது. இன்றைக்கும் உங்கள் சைக்கிளை மறித்துப் பார்த்தால் தெரிவது, கொஞ்சம் மெலிந்து எளிமையாகியிருந்தாலும், அந்த 1880தான்.

காருக்குள் அதன் வேலை காவல்காரன் வேலை. பிஸ்ரனை மேலும் கீழும் ஓட்டுகிற கிராங் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு பல் தவறக் கூடாது. அந்த ஒழுங்கைக் காப்பது சங்கிலி. மைனரின் எஞ்சினில் அது இன்னும் இரண்டு வேலை செய்தது. பொறியை நேரத்துக்கு அனுப்புகிற டிஸ்ரிபியூட்டர் கேமிலிருந்துதான் சுழல்கிறது. ஒயில் பம்பும் கேமின் பின்முனையில்தான் கொளுவியிருக்கிறது.

கடைசி வசனத்தைத் திரும்ப வாசியுங்கள். சங்கிலி கேமைச் சுற்றுகிறது, கேம் பம்பைச் சுற்றுகிறது, பம்ப் ஒயிலை மேலே தள்ளுகிறது, கேமின் முன் பெயரிங்கைக் கடந்து கசிகிற கொஞ்ச ஒயில்தான் சங்கிலியை நனைக்கிறது. தன்னை நனைக்கிற ஒயிலைத் தானே இறைத்துக்கொள்கிற சங்கிலி. எங்கட கிணற்றுத் துலா மாதிரி, இறைக்கிறவனுக்குத் தண்ணீர் கிடைப்பது அவன் இறைத்தால்தான்.

*

செயின் இழுபட்டுப் போச்சு என்றுதான் எல்லா ஊரிலும் சொல்வார்கள். உண்மையில் எதுவும் இழுபடுவதில்லை. தகடு உருக்கு, அது றப்பர் மாதிரி நீளாது. நடப்பது வேறு. சங்கிலி பல்சக்கரத்தில் ஏறும்போது ஒவ்வொரு மூட்டும் சில பாகை மடங்கும், இறங்கும்போது நிமிரும். அந்த மடங்கலில் ஊசி புஷ்ஷோடு உரசித் தேய்கிறது. கண்ணுக்குத் தெரியாத தேய்வு. ஆனால் மைனரின் சங்கிலியில் 52 மூட்டு. ஒவ்வொன்றும் தொலைப்பதைக் கூட்டினால் நீளம் வரும். மற்றப் பெயரிங்குகளில் தண்டு முழுதாகச் சுழல்வதால் நடுவே ஒரு மெல்லிய ஒயில் படலத்தைக் கட்டி அதன் மேல் மிதக்கிறது. சங்கிலி மூட்டு அப்படிச் சுழல்வதில்லை, கொஞ்சம் போய்க் கொஞ்சம் வருகிறது. படலம் கட்ட நேரமில்லை. ஆகவே அதன் சீவியம் ஒயிலின் தடிப்பிலும், ஒயிலுக்குள் கலந்த மருந்திலும், ஒயிலின் சுத்தத்திலும் தங்கியிருக்கிறது. மண்ணெண்ணெய் முதலிரண்டையும் நீர்த்துப்போகச் செய்யும், அதன் கரி மூன்றாவதைக் கெடுக்கும்.

அந்த மருந்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சிங்கும் பொஸ்பரசும் கந்தகமும் சேர்ந்த ஒரு சேர்மம், சுருக்கமாக இசட்டிடிபி என்பார்கள். 1940களில் அதை ஒயிலில் கலக்கத் தொடங்கியது பெயரிங் அரிக்காமல் இருக்கவும் ஒயில் பழுதாகாமல் இருக்கவும்தான். பிறகுதான் கண்டார்கள், உரசுகிற இடத்தில் அது தானாகவே ஒரு காப்புப் படையைக் கட்டுகிறது என்று. உலோகம் உலோகத்தைத் தொடும் முன் அந்தப் படை தேய்கிறது. தேயத் தேயத் திரும்பக் கட்டுகிறது. ஒயில் புதிதாக இருக்கும்வரை.

கராஜ் அண்ணை போன பிறகு அப்பா ஒயிலைக் காப்பாற்ற இறங்கினார். முதலில் வடித்து, இரண்டு நாள் அடைய விட்டு, சீலையில் வடிகட்டினார். கறுப்பு அப்படியே இருந்தது. கரியின் துகள் சீலைக்குள்ளால் சிரித்துக்கொண்டு போகும். பிறகு அவருக்கு விஞ்ஞான மூளை வேலை செய்தது. மண்ணெண்ணெய் ஒயிலைவிடச் சீக்கிரம் ஆவியாகும், ஆகவே சூடாக்கினால் மண்ணெண்ணெய் போகும், ஒயில் நிற்கும். தத்துவம் சரி. பழைய ஒயிலைச் சுத்திகரிக்கிற ஆலைகளில் முதற்படியே இதுதான். நீண்ட தூரம் ஓடுகிற காருக்குள் எஞ்சின் சூடே இந்த வேலையைக் கொஞ்சம் செய்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிற ஆறேழு மைல் ஓட்டத்தில் ஒயில் அவ்வளவு சூடாவதில்லை, அதுதான் எங்கட வினை. அப்பா வளவின் பின்பக்கம் மூன்று கல் வைத்து, பழைய தாச்சியில் ஒயிலை ஊற்றி, பனம்மட்டை எரித்தார். ஆவி எழும்பியது. எழும்பிய ஆவி பனம்மட்டை நெருப்பைக் கண்டது. அப்பாவின் புருவம் இரண்டும் போய், பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் பிள்ளைகள் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

ஆமணக்கெண்ணெய் விடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதுவும் வெறும் விசர்க்கதை இல்லை. காஸ்ற்றோல் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சின்கள் ஆமணக்கெண்ணெயில்தான் ஓடின. ஆனால் அந்த விமான எஞ்சின்கள் ஒயிலைத் திரும்பப் பாவிப்பதில்லை, புகையோடு வெளியே துப்பிவிடும். எங்கட எஞ்சினில் அதே எண்ணெய் சுற்றிச் சுற்றி வர வேண்டும். சூட்டில் அது பிசினாகிக் கட்டிப்படும். கராஜ் அண்ணை ஒரே வசனத்தில் சொன்னார்: "மாஸ்ரர், உதை விட்டியளெண்டால் அடுத்தமுறை உளிதான் கொண்டுவரோணும்."

*

ரேடியேற்றரைக் கழற்றி, கப்பியைக் கழற்றி, முன்மூடியைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே ஒற்றை வரிசைச் சங்கிலி ஒன்று இரண்டு பல்சக்கரங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கியது என்பது சரியான சொல். விரலால் தள்ள, பக்கவாட்டில் தாராளமாக ஆடியது. மூடியின் உட்பக்கத்தில் அது அடித்து அடித்துப் பளபளவென்று ஒரு கோடு.

இந்த எஞ்சின் குடும்பத்துக்கு ஏ சீரிஸ் என்று பெயர். 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் 803 சிசியாக வந்தது. அடுத்த வருடம் ஒஸ்ரினும் மொறிஸும் ஒன்றாகி பிஎம்சி ஆனபோது, எதிர்முகாமின் எஞ்சின் மொறிஸ் மைனருக்குள் குடியேறியது. 1956இல் 948 சிசி, எங்களுடையது அது. 1962இல் 1098. பிறகு மினிக்குள்ளும் போய் 2000ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டது. ஐம்பது வருடம் உயிர்வாழ்ந்த எஞ்சின். எனக்கு அதில் மரியாதை உண்டு, ஆனால் அதன் சங்கிலி ஏற்பாடு சிக்கனக்காரர்களின் வேலை. மினி கூப்பர் எஸ் போன்ற வேகக்காருக்கு இரட்டை வரிசைச் சங்கிலி கொடுத்தார்கள். சாதாரணச் சனத்துக்கு ஒற்றை. எம்ஜிபி போன்ற பெரிய தம்பிமாருக்குச் சங்கிலியை இறுக்கிப் பிடிக்க ஒயில் அழுத்தத்தில் இயங்கும் ஒரு ரென்ஷனர் இருந்தது. சங்கிலி தேயத் தேய அது முன்னே வந்து தாங்கும். மைனருக்குக் கேம் பல்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு றப்பர் வளையம். சங்கிலித் தகடு அந்த றப்பரில் இருந்து சத்தமில்லாமல் ஓடும். வளையம் காய்ந்து வெடித்தால் சத்தம் தொடங்கும்.

எங்களுடையதில் வளையமே இல்லை. துண்டு துண்டாகிக் கீழே போயிருந்தது.

கராஜ் அண்ணை சங்கிலியைக் கழற்றிக் கிடையாகப் பிடித்தார். நல்ல சங்கிலி அப்படிப் பிடித்தால் கிட்டத்தட்ட நேராக நிற்கும். இது வில் மாதிரி வளைந்து முனை தரையைப் பார்த்தது. அப்பா அப்போது கேட்ட கேள்வி எனக்கு இன்றும் ஞாபகம். "தம்பி, இது இவ்வளவு மோசமெண்டால், எஞ்சின் முந்தினதை விட நல்லாயெல்லோ ஓடினது? மண்ணெண்ணெய்க்கு அடிக்கிற டக் டக் சத்தமும் குறைஞ்சது."

அதற்குப் பதில் அன்றைக்கு ஒருவரிடமும் இருக்கவில்லை. எனக்கே பல வருடம் கழித்துத்தான் பிடிபட்டது. சங்கிலி தேய்ந்தால் கேம் பின்தங்கும். கேமோடு டிஸ்ரிபியூட்டரும் பின்தங்கும். பொறி சில பாகை பிந்தி விழும். பெற்றோலில் ஓடினால் இழுவை குறைந்து நீங்கள் உடனே உணர்வீர்கள். ஆனால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னமே வெடிக்கிற சாமான், அதற்குப் பொறி பிந்தி விழுவதுதான் தோது. ஆக, சங்கிலி செத்துக்கொண்டிருந்தது, எஞ்சின் சுகமாக இருந்தது. ஒயில் கூடியதும் சத்தம் குறைந்ததும், அப்பா நல்ல சகுனம் என்று எண்ணிய இரண்டுமே ஒரே வருத்தத்தின் குணங்குறிகள்.

புதுச் சங்கிலிக்கு எங்கே போவது? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே தொண்ணூறுகளில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், இலங்கையின் தென்பகுதியில் மைனருக்கு உடற்தகடுகள் செய்விக்க ஒரு முயற்சியைத் தொடங்கியிருந்தார். பிறந்த ஊரில் கைவிடப்பட்ட காருக்கு எங்கட தீவில் பாகம் செய்து கப்பலேற்றினார்கள். நூற்றுக்கணக்கான மைல் வடக்கே, அதே தீவில், ஒரு றப்பர் வளையத்துக்கு நாங்கள் தவித்தோம்.

கராஜ் அண்ணை எங்கேயோ ஒரு வளவில் மரத்துக்குக் கீழே செத்துக் கிடந்த மைனரின் சங்கிலியையும் இரண்டு பல்சக்கரங்களையும் கழற்றிக்கொண்டு வந்தார். மூன்றையும் சேர்த்துத்தான் போடுவேன் என்று நின்றார். ஒன்றோடொன்று தேய்ந்து பழகியதைப் பிரிக்கக் கூடாது, புதுசுக்கும் பழசுக்கும் ஒத்துவராது. றப்பருக்கு லொறி ரியூப்பில் வளையம் வெட்டினார். வெட்டும்போதே சொன்னார், இது நிற்காது என்று. ரியூப் றப்பர் ஒயிலில் ஊறினால் பொங்கும். தொழிற்சாலை வளையம் ஒயிலைத் தாங்குகிற செயற்கை றப்பர். ஒன்றரை மாதம் சத்தமில்லாமல் ஓடியது. பிறகு கறுப்புக் களி ஒன்று ஒயிலோடு வடிந்தது. ஒயில் சல்லடையை அடைக்க முன் எல்லாவற்றையும் கழுவி, வளையம் இல்லாமலே பூட்டினார். "சத்தம் வரும் மாஸ்ரர். ஆனா சத்தம் வாறவரைக்கும் செயின் இருக்கு எண்டு அர்த்தம்."

கழற்றிய சங்கிலியை உளியால் வெட்டித் திறந்து அப்பா படலைக்குக் கட்டினார். 1996இல் ஊருக்குத் திரும்பியபோது கதவு நிலைகள், யன்னல், ஓடு எல்லாம் போயிருந்தன. படலைத் தூணில் சங்கிலி அப்படியே தொங்கியது. அதை எடுத்துப்போக ஒருவருக்கும் தோன்றவில்லை.

*

நான் இப்போது இருப்பது ரொறொன்ரோவில். போன வருடம் என் காரின் முன்பக்கம் குளிர் காலையில் அதே சில்லறைச் சத்தம். கேட்டதும் எனக்குச் சாரத்தோடு எழும்பி வருகிற அப்பாதான் ஞாபகம் வந்தார். கராஜ்காரப் பெடியன் ரைமிங் செயின் என்றான். கிட்ட கிட்ட ஓடுகிறீர்களா என்று கேட்டான். ஓம், கடைக்கும் வேலைக்கும். ஒயில் மாற்றப் பிந்தினீர்களா? பிந்தினேன். குற்றவாளி நான்தான்.

பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சுகிற இன்றைய எஞ்சின்களில் கரி கூட உண்டாகிறது, எரியாத பெற்றோல் ஒயிலோடு கலக்கிறது, சங்கிலி மூட்டு தேய்கிறது. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம், ஏபிஐ, ஒயில்களுக்குத் தரம் வைக்கிற இடம். பெயரிங் அரிப்பு, கேம் தேய்வு, கசடு என்று பல தசாப்தமாக எத்தனையோ பரிசோதனை வைத்தார்கள். 2020 மே மாதம் அமுலுக்கு வந்த எஸ்பி தரத்தில்தான் ரைமிங் சங்கிலிக்கென்று ஒரு பரிசோதனை சேர்ந்தது. சீக்குவன்ஸ் எக்ஸ் என்று பெயர். ஃபோர்ட் 2 லீற்றர் எஞ்சின் ஒன்றை 216 மணித்தியாலம் ஓட்டி, சங்கிலி எவ்வளவு நீண்டது என்று அளக்கிறார்கள். அந்தத் தரத்தில் 0.085 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த ஒயிலுக்குச் சித்தி இல்லை. ரெனோல்டின் காப்புரிமைக்கு 140 வருடம் கழித்து.

இதை வாசித்த இரவே அண்ணாவுக்கு அடித்தேன். படலைச் சங்கிலியை அளந்து சொல்லு என்றேன். விசரோ என்று கேட்டுவிட்டு, துரு தட்டி, இழுத்துப் பிடித்து அளந்தான். ஒரு மூட்டுக்கு மூட்டு தூரம் முக்கால் அங்குலத்தின் பாதி, அதாவது 9.525 மில்லிமீற்றர். 52ஆல் பெருக்கினால் புதிதில் 495.3. அண்ணாவின் அளவு 502. ஏறக்குறைய 6.7 மில்லிமீற்றர், 1.35 சதவீதம். மூட்டுக்கு 0.13. ஒரு கடதாசித் தாளின் தடிப்பை விடக் கொஞ்சம் கூட. துருவையும் அண்ணாவின் கை நடுக்கத்தையும் கழித்தாலும், ஏபிஐயின் எல்லையைப் போல பத்துப் பதினைந்து மடங்கு. அப்பா இருந்திருந்தால் தசமதானம் சரியா என்று ஒருமுறை பார்த்திருப்பார்.

அந்த மரத்தடிச் சங்கிலி பூட்டிய மைனரின் கடைசி நீண்ட ஓட்டம் 1995 ஐப்பசி 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. காருக்குள் அம்மம்மா, இரண்டு அயல்வீட்டுக் குழந்தைகள், ஒரு தையல் மெசின், அரிசி மூட்டை. செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற கண்டி வீதியில் சனம் தோளோடு தோள் ஒட்டி நகர்ந்தது. கார் அடிக்கணக்கில்தான் போகலாம். சங்கிலிக்கு இதைவிடக் கெட்ட ஓட்டம் இல்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, பம்ப் அரைகுறையாக இறைக்கிறது, ஒயில் நீர்த்துக் கிடக்கிறது, றப்பர் வளையம் இல்லை. இரைச்சலுக்கும் அழுகைக்கும் மேலால் அந்தச் சில்லறைச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மண்ணெண்ணெய் ஆவியாகாமல் பிளக் நனைந்து இரண்டு முறை நின்றது. பெற்றோல் போத்தலில் அடிமட்டத்தில் கொஞ்சம் இருந்தது. மூன்றாம் முறை அப்பா ஸ்ராட் பண்ணவில்லை. நானும் அண்ணாவும் பின்னால் நின்று தள்ள, அவர் யன்னலுக்குள்ளால் கைவிட்டு வளைவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார்.

பாலம் கடந்து கைதடிப் பக்கம் விடிந்தது. ஒரு பூவரசுக்குக் கீழே நிறுத்தினோம். அப்பா பொனட்டைத் திறந்து டிப் ஸ்ரிக்கை உருவினார். துடைக்கக் காய்ந்த துணி ஒன்றும் இருக்கவில்லை, நனைந்த சாரத்தின் தலைப்பில் துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"எவ்வளவு கிடக்கு?" என்று அம்மா கேட்டா.

"கூடத்தான் கிடக்கு" என்றார்.